திருநாவலூர்ச் சிறுதேரும் வீட்டு ரேஸ் காக்பிட்டும்

திருநாவலூரில் சுந்தரரைச் சேக்கிழார் நமக்குக் காட்டும்போது அவர் தெருவில் சிறுதேர் உருட்டும் பிள்ளை. அவ்வழியே வந்த அரசர் நரசிங்க முனையரையர் அந்தப் பிள்ளையிடம் மனத்தைப் பறிகொடுத்து, தந்தை சடையனாரிடம் நட்புரிமையோடு கேட்டு வாங்கிக்கொண்டுபோய்த் தம் மகனாக வளர்த்தார் என்பது நாம் அறிந்த கதை. அந்தச் சிறுதேரின் பக்கத்தில், இன்று கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டுவோர் வீட்டு அறையில் பூட்டி வைக்கும் சிம் ரேசிங் காக்பிட்டை நிறுத்திப் பார்ப்போம். அங்கே மரமும் கயிறும் தெருப் புழுதியும். இங்கே அலுமினியமும் மோட்டாரும் திரையும். பார்வைக்கு ஒட்டுறவே இல்லை. ஆனால் வண்டியோட்டம் என்னும் ஒரே அனுபவத்தை நடுவில் வகிர்ந்து, ஆளுக்கொரு பாதியாக எடுத்துக்கொண்டவை இவை.

சிறுதேர் ஓடும், அதில் ஏற முடியாது. காக்பிட்டில் ஏறி உட்காரலாம், அது ஓடாது. முதல் பாதியின் இன்பத்தைக் குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் தும்பிசேர்கீரன் கண்டு சொல்லிவிட்டார்: தச்சன் செய்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல வழியில்லாத பிள்ளைகள், அதைக் கையால் இழுத்தே மகிழ்கிறார்கள். கிடைக்காத பாதியைக் கிடைத்த பாதி ஈடுசெய்துவிடுகிறது. காக்பிட்டிலும் நடப்பது இதுதான், தலைகீழாக. உடம்பு அசையாமல் இருக்க, கையும் காலும் கண்ணும் சேர்ந்து ஓட்டத்தை உண்டாக்கிக்கொள்கின்றன.

சக்கரத்தைப் பாருங்கள். சிறுதேருக்கு உயிரே அதுதான். பட்டினப்பாலைச் சிறுவர்கள் உருட்டும் தேருக்குக் குதிரை கிடையாது, ஆனால் மூன்று சக்கரம் உண்டு. காக்பிட்டுக்கோ சக்கரம் பகை. உருளும் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிரேக்கை ஓங்கி மிதித்தால், திரையில் கார் நிற்பதற்குள் ஆள் பின்னால் உருண்டு போயிருப்பார். இந்த ஒரு தொல்லைதான் பலரைத் தனிச் சட்டம் வாங்க வைக்கிறது.

செய்யும் முறையில் இரண்டும் பிரிந்து போகின்றன. சிறுதேர் தச்சர் கையிலிருந்து முழுதாக வரும். பிள்ளை கயிற்றைப் பிடித்தால் போதும். காக்பிட் துண்டு துண்டாகப் பெட்டியில் வரும்; வாங்கியவரே தச்சராக வேண்டும். 40க்கு 80 மில்லிமீட்டர் அலுமினிய புரொஃபைல், எம்8 போல்ட், காடிக்குள் நுழையும் நட்டு, ஓர் ஆலன் கீ; பொருளும் கருவியும் என்று பார்த்தால் இவ்வளவுதான். முதலில் அடிச்சட்டத்தைத் தரையில் போட்டு மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்து வந்தால் மூலைகள் செங்கோணம். கதவு நிலை செய்யும் ஆசாரியும் இதையேதான் செய்கிறார். அதன்பின் நிறுத்துக்கால்கள், ஸ்டீயரிங் தாங்கி, பெடல் பலகை, கடைசியில் சீட். எல்லாம் நேரானபிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். முதல் மூலையிலேயே முறுக்கிவிட்டால் நான்காம் மூலை சேராது. காடியின் முனையை மூடுவதற்குமுன் உள்ளே போக வேண்டிய நட்டுகளை எண்ணிப் போடுவது தனிக் கலை. ஒன்று விட்டுப்போனாலும் பாதிச் சட்டத்தைக் கழற்ற வேண்டிவரும்.

பெட்டியில் வருவதைத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெல்டிங் பட்டறையில் ஸ்கொயர் பைப்பில் சட்டம் அடித்து, சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் கார் சீட் பார்த்து வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம். மரத்திலும் செய்யலாம். திருநாவலூர் இருக்கும் இதே மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி வாகனமும் கதவும் செதுக்கும் ஊரில் ஆடாத மரச்சட்டம் ஒன்று செய்து தருவது பெரிய வேலையே இல்லை என்பது என் எண்ணம்.

சட்டத்தில் ஆட்டம் ஏன் ஆகாது? இரண்டுக்கும் உள்ள ஆழமான உறவு இந்தக் கேள்வியில்தான் தெரிகிறது. சிறுதேரின் சுகம் கயிற்றில் தெரியும் இழுவையில் இருக்கிறது. மேட்டில் கனக்கும், சரிவில் தளரும், கல்லில் மாட்டினால் வெட்டி இழுக்கும். தரையின் செய்தி கயிறு வழியாகக் கைக்கு வருகிறது. காக்பிட்டில் அந்தக் கயிற்றின் வேலையை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் மோட்டார் செய்கிறது. லாஜிடெக் ஜி29 போன்ற பல்சக்கர வகை, இரண்டு நியூட்டன் மீட்டரைச் சற்றே தாண்டும் முறுக்கு விசை தரும். ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி போன்ற டைரக்ட் டிரைவ் வகையில் மோட்டாரின் அச்சிலேயே ஸ்டீயரிங் அமர்ந்திருக்கும். விசை 5, பெரிய மின்னூட்டியோடு 8 நியூட்டன் மீட்டர். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் கைக்குத் தெரிவதாகச் சொன்னால், முன்னதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ, பின்னதன் 8 நியூட்டன் மீட்டரில் ஐந்தரைக் கிலோ. அந்த விசையில் ஒரு பங்கைச் சட்டத்தின் ஆட்டம் தின்றுவிட்டால், டயர் பிடி விடுவதைச் சொல்லும் மெல்லிய துடிப்புதான் முதலில் காணாமல் போகும். நைந்த கயிற்றால் தேர் இழுத்தாலும் இதே கதிதான்.

பிரேக்கில் சிறுதேரிடம் ஒப்பிட ஒன்றுமில்லை. பிள்ளை நின்றால் தேர் நிற்கும். பெரிய தேருக்கே முட்டுக்கட்டைதான் பிரேக்கும் ஸ்டீயரிங்கும். சுந்தரர் பின்னாளில் வாழ்ந்த திருவாரூரின் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது நம் காலத்தில்தான். காக்பிட்டில் நிலைமை வேறு. மலிவான பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அளக்கும். லோட் செல் வைத்த பெடல் எவ்வளவு அழுத்தம் என்று அளக்கும். தூரத்தைவிட அழுத்தத்தைத்தான் கால் நன்றாக நினைவில் வைக்கும். ஆகவே கையில் இருக்கும் பணத்தை எங்கே போடுவது என்று கேட்பவருக்கு என் பதில்: முதலில் சட்டம், அடுத்து பிரேக், அதன்பிறகு மோட்டார். திரை காத்திருக்கட்டும். பெரும்பாணாற்றுப்படையின் பிள்ளைகள் தேர் உருட்டிக் களைத்துப்போய்ப் பால் குடித்து உறங்குகிறார்கள். நல்ல பிரேக்கை ஒரு மணி நேரம் மிதித்தவரின் கெண்டைக்காலும் அந்தக் களைப்பைச் சொல்லும்.

தடத்தைப் பொறுத்தவரை சிறுதேரின் பக்கம்தான் வளம் அதிகம் என்று நெடுநாள் சொல்லியிருக்கலாம். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் நெல் கொத்த வந்த கோழிமேல் எறிந்த காதணி விழுந்து கிடந்து தேரை மறிக்கிறது. தெரு அன்றன்றைக்குப் புதிது. இப்போது ஐரேசிங் போன்ற மென்பொருள்கள் உண்மையான பந்தயத் தடங்களை லேசரால் அளந்து, மேடுபள்ளத்தோடு வீட்டுக்குக் கொண்டுவருகின்றன. தடம் காரை முந்திக்கொண்டதும் உண்டு. 2011 அக்டோபரில் புத் சர்வதேசத் தடத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரி நடந்து, கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அதில் ஓட்டினார். அதற்கு முந்தைய மாதமே வெளிவந்த எஃப்1 2011 என்ற விளையாட்டில் அந்தத் தடத்தை வீட்டிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடிந்தது.

ஆனாலும் தெருவுக்கு ஒரு பெருமை உண்டு: விளையாடுபவரை அங்கே நாலு பேர் பார்ப்பார்கள். அரசர் கண்ணில் பிள்ளை பட்டதே தெருவில் விளையாடியதால்தான். மூடிய அறையில் காக்பிட்டில் உட்கார்ந்தவரை யார் பார்ப்பது? நிஸானும் சோனியும் 2008இல் தொடங்கிய ஜிடி அகாடமி அதற்கு ஒரு வழி செய்தது. கிரான் டூரிஸ்மோ விளையாட்டில் வேகமாக ஓட்டியவர்களைத் தேர்ந்தெடுத்து உண்மையான பந்தயக் காரில் ஏற்றினார்கள். 2011இல் வென்ற ஜான் மார்டன்பரோ, 2013இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற அணியில் ஓட்டினார். நாவலூர்க் கதையின் வார்ப்பு இங்கும் இருக்கிறது: விளையாட்டு வண்டியோடு இருந்த பிள்ளையை வலியவர் ஒருவர் கண்டெடுத்து, வேறொரு வாழ்க்கைக்குள் அழைத்துப் போகிறார். கண்டெடுத்த விதம்தான் வேறு. சுந்தரர் தேரை எவ்வளவு வேகமாக உருட்டினார் என்று முனையரையர் பார்க்கவில்லை; பிள்ளையின் அழகுதான் அவரை நிறுத்தியது. மார்டன்பரோவின் லேப் நேரங்கள் முதலில் போய்ச் சேர்ந்தன. தேர்வாளர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.