ஊசிக் கணவாய்: பழவேற்காட்டுக் கடற்பகுதி

ஊசிக் கணவாய் இந்தியக் கடல்களில் மிகுதியாகப் பிடிபடும் கணவாய் இனம். விலங்கியல் பெயர் யூரோட்யூத்திஸ் டுவாசெலி. சென்னைச் சந்தையில் கடம்பா என்ற பெயரிலும் விற்கப்படும். 1835இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் டோர்பினி இதை விவரித்தார். செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முதல் தென்சீனக் கடல் வரை, ஏறத்தாழ 170 மீட்டர் ஆழத்துக்குள் பரவியுள்ளது.

பழவேற்காட்டில் இது கடல் தொழிலுக்கு உரியது, ஏரித் தொழிலுக்கு அன்று. இறாலும் மடவையும் குஞ்சாக ஏரிக்குள் நுழைந்து வளர்ந்து கடலுக்குத் திரும்பும். கணவாய்க்கு அது முடியாது. கணவாய் அடங்கிய தலைக்காலிகளில் நன்னீரில் வாழும் இனம் ஒன்றுகூடக் கிடையாது. பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் ஏரியின் உப்பைக் குறைத்துவிடுகின்றன. கோடையில் முகத்துவாரம் தூர்ந்தால் உப்பு கடலையும் மிஞ்சும். ஆகவே ஏரியில் முறைவைத்து இடம் பங்கிடும் பாடு முறையில் வலையிடுவோர் கணவாயை நம்பித் தொழில் செய்வதில்லை. கூனங்குப்பம், வைரவன்குப்பம் போன்ற கடலோரக் குப்பத்தாரின் படகுகளுக்கே அது கிடைக்கும்.

எட்டுக் கைகளுக்கு நடுவே மறைந்திருக்கும் இரு நீண்ட உணர்கைகள் நொடிப்பொழுதில் பாய்ந்து இரையைப் பற்றும். கிளி மூக்குப் போன்ற அலகு அதைத் துண்டாடும். சிறு துண்டாகத்தான் விழுங்க முடியும், ஏனெனில் உணவுக்குழாய் மூளையின் நடுவே துளைத்துச் செல்கிறது. இளமையில் சிற்றிறால் வகைகளே முதன்மை உணவு. வளர வளர நெத்திலி போன்ற மீன்கள். தன்னினத்தையும் தின்னும்.

இரை சில மணி நேரத்தில் செரித்துவிடுவதால் பிடிபட்டவற்றில் பலவற்றின் வயிறு காலியாக இருக்கும். செதில், இறால் ஓட்டுத் துண்டு, சிறு கணவாயின் அலகு இவற்றைக் கொண்டே ஆய்வாளர்கள் இரையை அறிகிறார்கள். மீன் தலையைத் தின்னாமல் விட்டுவிடும் பழக்கம் வேறு கணவாய்களுக்கு உண்டு. அப்போது அடையாளம் காட்டும் காதுக்கல்லும் கிடைக்காது. கணவாயையோ சூரை, வஞ்சிரம், ஓங்கில் தின்கின்றன.

ஒளியை நாடும் சிறுமீன்களைத் தேடிக் கணவாயும் வரும். இந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தி எல்இடி விளக்கு வைத்துப் பிடிப்பதை ஒன்றிய அரசு 2017இல் தடைசெய்தது. ஊசிக் கணவாய் ஜெல்லி உறைக்குள் அமைந்த முட்டைக் கொத்துகளைக் கடல்தரையில் ஒட்டவைக்கும்; அடித்தளம் உரசும் இழுவலை அவற்றையும் வாரிவிடும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஆனால் ஊசிக் கணவாய் ஆண்டின் பல மாதங்களில் முட்டையிடுவதால் அத்தடை மட்டும் அதற்கு முழுக் காப்பு ஆகாது.