உறைபனியின் ஒளியும் சரவணையின் வெயிலும்

மனப்பதிவுவாத ஓவியத்தை ஒளியின் கலை எனக் கூறுவது வழக்கம். ஆயின், அவ்வொளி எந்நிலத்தின்மீது, எவருடைய உழைப்பின்மீது வீழ்ந்தது என்னும் வினாவை நாம் பெரிதும் எழுப்புவதில்லை.

1874 இல் பாரிஸில் நடைபெற்ற முதலாவது மனப்பதிவுவாதக் கண்காட்சியில் கமீல் பிஸ்ஸாரோவின் 'உறைபனி' இடம்பெற்றது. 1873 இல் வரையப்பட்ட அவ்வோவியம் பொந்துவாஸை அடுத்த எனெரி வயல்வெளியைக் காட்டுவது. உழுத சால்களுக்குக் குறுக்கே நீலச்சாயல் கொண்ட நிழல்கள் நீள்கின்றன. அந்நிழல்களை வீழ்த்தும் மரங்களோ ஓவியத்துள் இல்லை. முதுகில் விறகு சுமந்து ஒரு குடியானவர் நடக்கிறார். இதனை வண்ணத்தட்டின் சுரண்டல் என லூயி லெரோய் எள்ளி நகையாடினார். நிழலைக் கருமையாகவும் கபிலமாகவும் கண்டு பழகிய கண்ணுக்கு அது அவ்வாறே தோன்றியிருக்கும். உண்மையில், வெயில் மறைக்கப்பட்ட இடத்திலும் வானின் நீல ஒளி வீழ்கிறது. பிஸ்ஸாரோ தீட்டியது அதனையே.

ஐரோப்பிய நவீன ஓவியத்தில் பயின்ற சி. எவ். வின்சர் 1920 களில் இலங்கையின் சித்திரக் கல்விப் பரிசோதகராகப் பணியாற்றினார். அவர் பெயரில் எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஆர்ட் கிளப்பை நிறுவினார். புதிய பார்வை இங்கு கால்கொண்ட வழிகளுள் இதுவும் ஒன்று.

எனினும், வேலணைத் தீவின் சரவணையை வரைய முற்படுபவருக்கு எனெரியின் நீலம் அப்படியே பயன்படாது. அங்கு குளிர்காலச் சூரியன் தாழ்ந்து நிற்கும், நிழல் நீளும். இங்கு சித்திரை நண்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்கும். பனையின் நிழல் அதன் அடியிலேயே சுருங்கும். மாரி மழையை நம்பிய வயல் தையில் ஒரு நிறம், வைகாசியில் வேறொரு நிறம். கடன்கொள்ளத்தக்கது பார்க்கும் முறையேயன்றி வண்ணம் அன்று.

இதனினும் முக்கியமானது அந்த விறகுச் சுமை. ஒளியை ஆராய்ந்த பிஸ்ஸாரோ உழைப்பாளியை நிலக்காட்சியிலிருந்து அகற்றவில்லை. 1990 இல் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் பின்னர் மீண்டனர், பலர் மீளவில்லை. ஆதலால் ஆளற்ற வயலும் பூட்டிய வீடும் இங்கு வெறும் அமைதியின் குறியீடுகள் அல்ல. அவ்வெறுமையை அழகென மட்டும் தீட்டும் ஓவியம் வரலாற்றை மறைப்பதாகும். சட்டத்துக்கு வெளியே நிற்கும் மரங்களின் நிழலையும் தவறாது பதிந்த கண்ணே நமக்கு இன்று வேண்டுவது.