இரவல் குரல்

செய்யாறு பக்கம் போனால் பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடாதீர்கள். அதே தாலுகாவில் புரிசை என்று ஒரு கிராமம் இருக்கிறது. தெருக்கூத்துக்குப் பேர் போன ஊர். கண்ணப்ப தம்பிரான் பரம்பரையின் ஊர். கட்டியங்காரன் வந்துவிட்டால் விடிய விடிய ஆட்டம்தான். அங்கே ஒரு சட்டம் உண்டு. வேஷம் கட்டியவர்தான் பாட வேண்டும். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள், சரி. ஆனால் அடி எடுக்கும் தொண்டை அவருடையது.

இந்தச் சட்டம் ஹாலிவுட்டில் செல்லவில்லை.

1954ல் வந்த படம் 'கார்மென் ஜோன்ஸ்'. பிரான்ஸ் தேசத்து பிஸே 1875ல் இசையமைத்த 'கார்மென்' ஆப்பராதான் மூலம். ஆப்பரா என்றால் பாட்டாலேயே கதை சொல்லும் நாடகம். அதை அமெரிக்கக் கறுப்பர்களின் கதையாக மாற்றி, 1943ல் பிராட்வே மேடையேற்றினார் ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன். ஆட்டோ பிரெமிங்கர் அதைப் படமாக்கினார். நடித்தவர்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள். கதாநாயகி டோரதி டான்ட்ரிட்ஜ், சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

கைதட்டலாம். ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

டான்ட்ரிட்ஜ் ஒரு பாடகி. கதாநாயகன் ஹாரி பெலஃபான்டேயும் பாடகர். 1956ல் அவருடைய 'கலிப்ஸோ' இசைத்தட்டு அமெரிக்காவையே ஆட்டிவைத்தது. அப்பேர்ப்பட்ட இருவருக்குமே படத்தில் சொந்தக் குரல் கிடையாது! ஆப்பரா சாரீரம் வேண்டுமாம். பெலஃபான்டேவுக்குப் பாடிய ஹட்சர்சனாவது கறுப்பர். டான்ட்ரிட்ஜுக்குப் பாடியது, இருபது வயதுகூடத் தாண்டாத மர்லின் ஹார்ன் என்கிற வெள்ளைக்காரப் பெண். முகம் கறுப்பு, குரல் வெள்ளை.

'பார்த்தீர்களா அமெரிக்க அநியாயத்தை' என்று உச்சுக் கொட்டுகிறீர்களா? நம் வீட்டுக் கணக்கையும் எடுத்துப் பார்த்துவிடுவோம். பி.காம். படித்தவனுக்கு ஒரு பக்கம் மட்டும் எழுதினால் தூக்கம் வராது.

நம்முடைய ஆப்பரா எது? கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொன்ன நந்தன் கதையில் கொடுமைக்கார எஜமானர் கிடையாது. பாரதியார்தான் வேதியர் என்ற பண்ணையாரைக் கொண்டுவந்தார். சிதம்பரம் போக வேண்டுமா? முதலில் நாற்பது வேலி நிலத்தின் விளைச்சலை முடித்துக் கொடு! பக்திக் கதைக்குள் பண்ணையடிமையின் பாடு இப்படித்தான் நுழைந்தது. ஊர் ஊராகப் பாடினார்கள், அழுதார்கள்.

சினிமா விடுமா? 1935ல் 'பக்த நந்தனார்'. நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்! வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1942ல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தது. இதில் நந்தன், தேவார மரபில் வந்த தண்டபாணி தேசிகர். இரண்டு பேருமே சொந்தக் குரலில் பாடினார்கள். கேட்டவர்கள் உருகினார்கள். புரிசைச் சட்டப்படி பாஸ் மார்க்.

ஆனால் இரண்டு தடவையும் நந்தன் வேஷம் சேரியிலிருந்து வந்த ஒருவருக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் 1939லேயே மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்துவிட்டது. கோயில் கதவு திறந்த மூன்றாவது வருஷம் ஜெமினி படம் வருகிறது. ஸ்டூடியோ கதவு திறக்கவில்லை.

சுந்தராம்பாளையோ தேசிகரையோ குறை சொல்லவில்லை. அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கண் கலங்காதவன் நான் அல்ல. கணக்கைத்தான் சொல்கிறேன். ஹாலிவுட் முகத்தைக் கொடுத்துவிட்டு, குரலைப் பிடுங்கிக்கொண்டது. நாம்? நந்தனின் துக்கத்தை எடுத்துக்கொண்டோம். முகத்தையும் குரலையும் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டோம்.

அடுத்த தடவை எங்காவது நந்தன் பாட்டு காதில் விழுந்தால் ரசியுங்கள், தாராளமாக. கூடவே ஒரு நிமிஷம், நந்தனே பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றும் யோசியுங்கள்.