நோவின் இடமும் நோயின் இடமும்: நடுமுதுகு நோவை மருத்துவம் விளங்கிக்கொண்ட வரலாறு

நோவைச் சொல்வதற்குத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, குடைச்சல், பிடிப்பு, விறைப்பு என்று எம்மவர் அன்றாடம் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் வேறுவேறு உணர்வைக் குறிப்பன. ஆனால் நோவு எங்கே என்று கேட்டால் மட்டும் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி விடுகிறோம். தொட்டுக் காட்டும் இடத்திலேயே நோயும் இருக்கிறது என்ற நம்பிக்கை மிகப் பழையது. நடுமுதுகைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பலரின் உயிரையும் பலரின் நடையையும் பறித்திருக்கிறது.

கழுத்துக்குக் கீழே, நாரிக்கு மேலே, விலா என்புகள் வந்து பொருந்தும் பன்னிரண்டு முள்ளென்புகள் கொண்ட பகுதியையே இங்கு நடுமுதுகு என்கிறோம். அங்கு எழும் நோவின் காரணங்களை மருத்துவ உலகம் எவ்வாறு ஒவ்வொன்றாக இனங்கண்டது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எகிப்தின் தேர் எல் பஹ்ரியில் 1891 ஆம் ஆண்டு அமோன் கோயில் மதகுருமாரின் மம்மிகள் பெருந்தொகையாகக் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நெஸ்பெரெஹான் என்பவருடையது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் பழைமையானது. 1910 இல் எலியட் ஸ்மித், ரஃபர் ஆகிய இருவரும் அதனை ஆராய்ந்து எழுதினர். நடுமுதுகின் கீழ்ப்பகுதியிலும் அதனை அடுத்தும் உள்ள முள்ளென்புகள் அரிக்கப்பட்டு முதுகு கூனியிருந்தது. அங்கிருந்து இறங்கிய சீழ் நாரித் தசையில் பெருங்கட்டியாகத் திரண்டிருந்தது. முள்ளந்தண்டைக் காசநோய் பற்றியதன் அடையாளங்கள் இவை. நோய் தொடங்கிய இடம் ஒன்று, அது வெளிப்பட்ட இடம் வேறொன்று.

கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்று, மேல்முதுகு கூனியவர்களின் நுரையீரலில் கட்டிகள் இருப்பதுண்டு என்று குறிப்பிடுகிறது. முதுகையும் நுரையீரலையும் ஒருசேர நோக்கிய மிகப் பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்று.

பதினோராம் நூற்றாண்டில் இப்னு ஸீனா தமது ‘அல் கானூன்’ நூலில் நோவைப் பதினைந்து வகையாகப் பிரித்தார். குத்துவது, துளைப்பது, அழுத்துவது, துடிப்பது, கனப்பது, மரத்துப்போவது என்று அவர் இட்ட பெயர்கள் இன்றும் வைத்தியர் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளாகவே இருக்கின்றன. நுரையீரலைச் சூழ்ந்த சவ்வு அழற்சியுறும்போது விலாவில் குத்து, காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை சேர்ந்து வரும் என்பதையும் அவர் விரிவாக எழுதினார். விலாவில் குத்தும் நோவெல்லாம் தசையின் நோவாகாது என்பதும், உடன் வரும் குறிகளையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பதும் இதிலிருந்து பெறப்படும் பாடங்கள். இந்நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவக் கல்வியில் நூற்றாண்டுகள் பல நிலைத்திருந்தது.

அடுத்த பெரும் படி லண்டனில் நிகழ்ந்தது. சென்ட் பார்த்தலமியூ வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட் 1779 இல் ஒரு சிறுநூலை வெளியிட்டார். முதுகு கூனிவர, அதனோடு கால்களும் வலுவிழந்து போகும் நோயாளிகளைப் பற்றியது அது. சாதாரண வாதத்தில் கால்கள் தொய்ந்து கிடக்கும். இவர்களுடைய கால்களோ விறைத்திருந்தன. கோளாறு காலில் இல்லை, முள்ளென்பு நோயுற்றதாலேயே கால் செயலிழந்தது என அவர் உணர்ந்தார். அதற்குக் காரணம் காசநோய் என்பது அவருக்குத் தெரியாது. காசநோய்க் கிருமியை றொபேர்ட் கொக் அறிவித்தது 1882 இல்தான். ஆயினும் முள்ளந்தண்டுக் காசநோய் இன்றும் பொட்டின் பெயராலேயே வழங்குகிறது.

முள்ளென்பு அழிந்து நோவு தருவது கண்ணால் காணக்கூடியது. முதுகில் ஒரு கோளாறும் இல்லாதபோது முதுகு நோவது ஏன்? இதற்கான விடையைத் தேடியவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேய மருத்துவர் ஹென்றி ஹெட். உள்ளுறுப்புகள் நோயுறும்போது உடலின் மேற்தோலில் எந்தெந்தப் பட்டைகள் நோவுகின்றன என்பதைப் பல நோயாளிகளிடம் குறித்து 1893 இல் வெளியிட்டார். 1900 இல் கெம்பெல் என்பவருடன் சேர்ந்து அக்கி நோயை ஆராய்ந்தார். அக்கிக் கொப்புளங்கள் ஒரு பக்கத்து முதுகிலிருந்து விலாவோரமாக முன்னோக்கிப் பட்டைபோலப் பரவுவதைக் கண்டிருப்போம். ஒரு முள்ளந்தண்டு நரம்பு ஆளும் எல்லையே அந்தப் பட்டை. இவ்வாறு உடலின் நரம்புப் படம் ஒன்று உருவாயிற்று.

அந்தப் படத்தைக் கொண்டு பார்த்தால் புதிர் அவிழ்கிறது. இதயத்தின் நோவைச் சுமக்கும் நரம்புகளும் மேல்முதுகு, மார்பு, கை ஆகியவற்றின் நரம்புகளும் முண்ணாணின் ஒரே மட்டங்களில் வந்து சேர்கின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய மூளையால் இயல்வதில்லை. ஆகவே இதயத்தின் நோவு தோளிலும் முதுகிலும் உணரப்படுகிறது. பித்தப்பையின் நோவு வலது தோட்பட்டை என்பின் கீழ்முனைக்குச் செல்கிறது. சதையியின் நோவு மேல்வயிற்றிலிருந்து நேரே முதுகுக்குத் துளைத்துச் செல்வதுபோல் இருக்கும். முன்னால் குனிந்தால் சற்றுத் தணியும். பெருநாடியின் சுவர் கிழியும்போது தோட்பட்டைகளுக்கு நடுவே திடீரெனக் கிழிப்பதுபோன்ற கடும் நோவு எழும்.

இதற்கு மறுதலையும் உண்டு. 1930களின் இறுதியில் லண்டனில் சேர் தோமஸ் லூயிஸின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஜோன் கெல்கிரன், தம் உடலிலும் தொண்டர்களின் உடலிலும் செறிந்த உப்புநீரை ஊசியால் செலுத்தினார். முள்ளென்புகளுக்கிடையே உள்ள இணையங்களில் செலுத்தியபோது நோவு விலாவைச் சுற்றி முன்பக்கம் வந்தது. முதுகின் கோளாறு, நெஞ்சு நோவாகவோ வயிற்று நோவாகவோ வேடமிடக்கூடும் என்பது இதனால் உறுதியாயிற்று. 1959 இல் ஹவாய்த் தீவின் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் றல்ப் குளோவேர்ட் கழுத்துத் தட்டங்களைத் தூண்டிப் பார்த்தார். நோவு தோட்பட்டைகளுக்கு நடுவே தோன்றிற்று. நடுமுதுகைப் பிடித்துவிட்டும் குணமாகாத சிலருக்குக் கழுத்தே காரணம் என்பது இதன் பொருள்.

இவை வரலாற்று விநோதங்கள் மட்டுமல்ல. நடுமுதுகு நோவில் பெரும்பகுதி தசையாலும் மூட்டாலும், குனிந்திருந்து வேலைசெய்யும் வழக்கத்தாலும் வருவதே. அது தானாகவே மாறிவிடும். எம் கிராமங்களில் இதனை ‘வாய்வு’ என்று சொல்லித் தைலம் பூசி உருவுவதும் ஒத்தணம் கொடுப்பதும் வழக்கம். சாதாரணப் பிடிப்புக்கு அது ஆறுதல் தரும். ஆனால் எல்லா நோவும் வாய்வாகிவிடும்போதுதான் ஆபத்து. இரவில் படுத்தாலும் தணியாத நோவு, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, முன்பு புற்றுநோய் கண்ட உடல், முதுமையில் சிறு சறுக்கலுக்குப் பின் எழும் நோவு ஆகியவை வைத்தியரிடம் விரைவிற் செல்லவேண்டிய குறிகள். கால் விறைத்துத் தள்ளாடினாலும், சிறுநீர் அடக்கமுடியாது போனாலும், வியர்வையோடும் மூச்சுத்திணறலோடும் நோவு வந்தாலும் ஒரு மணித்தியாலத்தையும் வீணாக்கலாகாது.

பொட்டின் காலத்து நோயாளிக்கு இல்லாத வாய்ப்பு இன்று உண்டு. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 1960களிலிருந்து கொரியா, ஹொங்கொங், சென்னை முதலிய இடங்களில் நடத்திய ஆய்வுகள், முள்ளந்தண்டுக் காசநோயாளருள் பெரும்பாலானோரை மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்தாமல் மருந்தினாலேயே குணப்படுத்தலாம் எனக் காட்டின. ஆனால் உரிய வேளையில் நோயை இனங்கண்டால்தான் மருந்து பயன்படும்.

அதற்கு முதற்சான்று நோயாளியின் வாய்ச்சொல்லே. எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எங்கே பரவுகிறது, குத்தா, உளைவா, எரிவா என்பதைச் சொல்ல எம் மொழியில் சொற்கள் உண்டு. வைத்தியர் முன்னே ‘முதுகு நோவு’ என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்ளாமல் அவற்றையெல்லாம் சொல்வதும், சொல்ல இயலாத முதியோருக்காக உடன் செல்வோர் கேட்டறிந்து சொல்வதும் உயிர் காக்கும் செயல்களாகும்.