கிளாரினெட்டின் மவுத்பீஸ், ரீட், லிகேச்சர்: தொழில்முறைக் கலைஞர்களின் தேர்வு

கிளாரினெட் வாசிப்பவரின் மூச்சு ஒலியாக மாறுவது குழலின் மேல்நுனியில், சில சென்டிமீட்டர் நீளத்துக்குள். அங்கே மூன்று பொருள்கள் உள்ளன: வாயில் வைக்கும் மவுத்பீஸ், அதன் அடிப்பரப்பில் படியும் நாணல் ரீட், ரீட்டை நகராமல் பிடித்துக்கொள்ளும் லிகேச்சர். இசைக்குழுக்களில் வாசிக்கும் கலைஞர்கள் குழலை அபூர்வமாகவே மாற்றுவார்கள். இந்த மூன்றையும் ஆராய்வதை வாழ்நாள் முழுவதும் விடமாட்டார்கள். ஒலியின் நிறம், சுருதி, நாக்கால் வெட்டும் சுரங்களின் தெளிவு, மிக மெல்ல ஊதும்போது கிடைக்கும் பிடிமானம் ஆகியவை பெரிதும் இங்கேதான் முடிவாகின்றன. முதலிடம் மவுத்பீஸுக்கு. அன்றாடக் கவலை ரீட். லிகேச்சருக்குக் கடைசி இடமே. கடைகளில் லிகேச்சர்களுக்குக் கிடைக்கும் விளம்பரத்தைப் பார்த்து இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

மவுத்பீஸ்

மவுத்பீஸின் அடிப்பக்கம் தட்டையானது. ரீட்டின் தடித்த பகுதி அதில் படிகிறது. நுனியை நெருங்க நெருங்க அந்தப் பரப்பு ரீட்டை விட்டு மெல்ல விலகி வளைகிறது. இந்த வளைவை ‘லே’ என்பார்கள். பிரெஞ்சு வகை மவுத்பீஸ்களில் இதன் நீளம் பெரும்பாலும் 16 முதல் 20 மில்லிமீட்டர். வளைவு முடியும் நுனியில், ரீட்டுக்கும் மவுத்பீஸுக்கும் இடையில் உள்ள இடைவெளியே நுனித்திறப்பு. ஊதும்போது ரீட் ஒரு வால்வாக வேலை செய்கிறது. பி-பிளாட் கிளாரினெட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தில் அது வினாடிக்கு ஏறத்தாழ 147 முறை அந்த இடைவெளியை அடைத்துத் திறக்கிறது. உச்ச சுரங்களில் இந்த எண்ணிக்கை பத்து மடங்குக்கும் மேல் உயரும்.

திறப்பு அகலமாக இருந்தால் ரீட் அதிகத் தூரம் வளைய வேண்டும். எனவே மென்மையான ரீட் வேண்டும். திறப்பு குறுகினால் கடினமான ரீட்டும் எளிதில் பேசும். இந்த ஒரு விதியை மறந்துவிட்டு ‘எந்த மவுத்பீஸ் நல்லது?’ என்று கேட்பதில் பயனில்லை. பாரிசின் வான்டோரன் நிறுவனத்தின் மாதிரிகளை எடுத்துக்கொண்டால், பி45, பி40 ஆகியவற்றின் திறப்பு 1.195 மில்லிமீட்டர், எம்30 மாதிரிக்கு 1.15, 5ஆர்வி லைருக்கு 1.095, எம்15 மாதிரிக்கு 1.035. ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் உள்ள வேறுபாடு 0.16 மில்லிமீட்டர்தான். ஆனாலும் பி45இல் இயல்பாகப் பேசும் ரீட் எம்15இல் பட்டென்று அடைத்துக்கொள்ளும். எம்15இன் ரீட்டை பி45இல் வைத்தால் காற்றுச் சத்தம்தான் முந்தி வரும். பி45, பி40 இரண்டுக்கும் திறப்பு ஒன்றாக இருந்தும் அவை ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. நுனிவிளிம்பின் அகலம், உட்புறச் சரிவு, வளைவின் போக்கு எல்லாம் கணக்கில் வருகின்றன.

உள்ளே இருக்கும் அறையின் கொள்ளளவு சுருதியைத் தீர்மானிக்கிறது. அறை பெரிதானால் சுருதி இறங்கும். அமெரிக்க இசைக்குழுக்கள் பல ஏ சுரத்தை 440 அதிர்வுக்கு வைக்க, ஐரோப்பாவில் 442 பரவலாக உள்ளது. அதனால்தான் வான்டோரன் 440 சுருதிக்கென்றே ‘13’ என்ற தனி வரிசையைச் செய்கிறது. குழலின் உள்விட்டமும் பொருந்தியாக வேண்டும். இங்கிலாந்தில் ஃபிரெடரிக் தர்ஸ்டன், ஜாக் பிரைமர் போன்றோர் வாசித்த பூசி அண்ட் ஹாக்ஸ் 1010 கிளாரினெட்டின் துளை சுமார் 15.2 மில்லிமீட்டர், வழக்கமான பிரெஞ்சு குழலைவிட அகலம். அதற்கு உள்துளை கூம்பாமல் நேராக ஓடும் மவுத்பீஸ் தேவை. சாதாரண பிரெஞ்சு மவுத்பீஸைச் செருகினால் அந்தக் குழலின் சுரங்கள் ஒன்றோடொன்று சேராது. குழல் பழுது என்று எண்ணி அதைக் கைவிடுவதற்கு முன் மவுத்பீஸைச் சந்தேகிப்பது நல்லது.

தொடக்கக் காலத்தில் மவுத்பீஸ்கள் மரத்திலும் தந்தத்திலும் செய்யப்பட்டன. மரம் ஈரத்தில் வடிவம் மாறும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பரான எபனைட் வந்தபின் அதுவே நிலைத்தது. இன்றும் தொழில்முறைக் கலைஞர்களில் பெரும்பாலோர் எபனைட்டையே விரும்புகிறார்கள். இத்தாலியில் செய்யப்படும் கண்ணாடி மவுத்பீஸ்களுக்கும் விசுவாசிகள் உண்டு. ஈரமும் வெப்பமும் அவற்றின் வடிவத்தைக் கெடுப்பதில்லை. பொருளைவிட உள்வடிவமே ஒலிக்குப் பெரும் காரணம். எபனைட்டைச் சுடுநீரில் கழுவக் கூடாது. வெயிலிலும் வெப்பத்திலும் அது பழுப்புப் பச்சையாக மங்கும். துடைக்கும் துணியை ஆண்டுக்கணக்கில் உள்ளே இழுப்பதும் விளிம்புகளைத் தேய்த்துவிடும்.

பாரிசில் ஷெத்வில் குடும்பத்தினர் செய்த முடிவுறாத மவுத்பீஸ்களை அமெரிக்காவில் காஸ்பர் என்ற பெயருடைய கைவினைஞர்கள் கையால் சீர்செய்து தந்தார்கள். அந்த மவுத்பீஸ்களை அமெரிக்கக் கலைஞர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். பிற்காலக் கைவினைஞர்கள் பலர் ஜெர்மனியின் ஸின்னர் நிறுவனம் செய்த முடிவுறாத மவுத்பீஸ்களைப் பயன்படுத்தினர். வளைவை அளக்கும் முறையும் அமெரிக்கப் பட்டறைகளில் எரிக் பிராண்டின் பெயரோடு சேர்ந்தது: கோடிட்ட கண்ணாடிப் பட்டையை மவுத்பீஸின் மேல் வைத்து, வெவ்வேறு தடிமனுள்ள மெல்லிய உலோகத் தகடுகளை நுழைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போகிறது என்று இரு பக்கமும் குறிப்பது. இரு பக்கமும் ஒத்து வராவிட்டால் கீச்சொலி வரும் என்று ஐயப்படலாம். பிலடெல்ஃபியா இசைக்குழுவில் நெடுங்காலம் முதன்மைக் கலைஞராக இருந்த அந்தோணி ஜிலியோட்டி தம் பெயரிலேயே மவுத்பீஸ் செய்வித்தார். பின்னாளில் அதே இசைக்குழுவில் முதன்மைக் கலைஞரான ரிகார்டோ மொராலஸ், கனடாவின் கருவிக் கைவினைஞர் மோரி பேக்கனோடு சேர்ந்து ‘மோபா’ மவுத்பீஸை உருவாக்கினார்.

மரபுகள்

தொடக்கத்தில் பலர் ரீட்டை மேலுதட்டில் படும்படி வைத்து வாசித்தார்கள். கீழுதட்டில் வைக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலியுறுத்தியவர் கிளாரினெட் கலைஞர் இவான் முல்லர். பாரிஸ் கன்சர்வேட்டரியில் 1831இல் பேராசிரியரான ஃபிரெடரிக் பெர் அதைப் பாடமுறையாக்கினார். இத்தாலியின் நேப்பிள்ஸ் பழைய முறையை இன்னும் நெடுங்காலம் விடவில்லை.

இன்று பெரிய பிரிவு பிரெஞ்சு, ஜெர்மன் மரபுகளுக்கு இடையில்தான். ஜெர்மன் குழலுக்கான மவுத்பீஸ் குறுகலானது. ரீட்டும் அகலம் குறைந்தது. வியன்னாவில் திறப்பு இன்னும் குறுகி, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய், லே மட்டும் நீள்கிறது. அதன் மேல் கடினமான ரீட். அடர்ந்து இருண்ட அந்த ஒலிக்கு இந்தச் சேர்க்கை ஒரு காரணம். ஜாஸ் கலைஞர்கள் எதிர்த்திசையில் செல்பவர்கள். வான்டோரனின் 5ஜேபி மாதிரியின் திறப்பு 1.47 மில்லிமீட்டர். மென்மையான ரீட்டோடு சேர்த்தால் உதட்டின் சிறு அசைவிலேயே சுருதி வழுக்கும். ஜாஸுக்கு வேண்டியதும் அதுதான். துருக்கியின் ஜி கிளாரினெட் கலைஞர்களும் இந்த வழியினர்.

ஜாஸ் கலைஞர் பென்னி குட்மன் புகழின் உச்சத்துக்குப் பிறகும், நடு வயதில், ஆங்கிலேயக் கிளாரினெட் கலைஞர் ரெஜினால்ட் கெல்லிடம் மாணவராகச் சேர்ந்து, மவுத்பீஸில் மேற்பல்லை ஊன்றும் பழக்கத்தை விட்டு இரண்டு உதடுகளாலும் பிடிக்கக் கற்றார். வாயமைப்பு மாறினால் பழைய மவுத்பீஸும் ரீட்டும் பொருந்தாமல் போகலாம். பிறர் பட்டியலைப் பார்த்து வாங்கியவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

கர்னாடக இசையில் தேவை வேறு. நாகஸ்வரம் கற்றுப் பின் கிளாரினெட்டுக்கு வந்த ஏ.கே.சி. நடராஜன் இதைத் தனிக்கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தினார். துளையைப் பாதி மூடியும் உதட்டின் அழுத்தத்தை மாற்றியும் கமகம் கொண்டுவர வேண்டியிருப்பதால், சுரத்தை ஒரே இடத்தில் பூட்டிவிடும் விறைத்த அமைப்பு இங்கே உதவாது.

ரீட்

ரீட் செய்யப் பயன்படும் நாணல் அருண்டோ டோனாக்ஸ். இதற்குப் பேர்பெற்ற நிலம் தென்கிழக்கு பிரான்சின் வார் மாவட்டம். அர்ஜென்டினாவிலும் விளைகிறது. சுமார் இரண்டு ஆண்டு வளர்ந்த தண்டைக் குளிர்காலத்தில் வெட்டி, வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைத்து, நெடுநாள் கிடங்கில் பதப்படுத்தியபின் அறுப்பார்கள். நுனியின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்.

பெட்டியில் உள்ள எண் தடிமனைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. ஒரே மாதிரியில் 2½ எண்ணும் 4 எண்ணும் ஒரே வடிவத்தில்தான் செதுக்கப்படுகின்றன. செதுக்கிய பிறகு ஒவ்வொன்றின் வளைதிறனையும் இயந்திரம் அளந்து பிரிக்கிறது. எண் சொல்வது நாணலின் விறைப்பை. ஒரு நிறுவனத்தின் 3½ இன்னொன்றின் 3½ ஆகாததும், ஒரே பெட்டியில் பத்து ரீட்கள் பத்து விதமாக இருப்பதும் இதனால்தான். அடிப்பகுதியின் தடிமன் மாதிரிக்கு மாதிரி மாறும். வான்டோரனின் பழைய நீலப் பெட்டி ரீட்டுக்கு 2.8 மில்லிமீட்டர், வி12 ரீட்டுக்கு 3.15. பிந்தையது அகன்ற தண்டிலிருந்து அறுக்கப்படுகிறது. செவ்விசைக் கலைஞர் பலர் அதன் நிறைவான ஒலியை நாடுகிறார்கள்.

புதிய ரீட்டை முதல் நாளிலேயே கச்சேரிக்கு எடுத்துச் செல்பவர் அரிது. நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் வாசித்துப் பழக்கி, நல்லவற்றைச் சுழற்சியில் வைத்துக்கொள்வார்கள். மவுத்பீஸைச் சற்றே ஒருபுறம் சாய்த்து ரீட்டின் ஒரு விளிம்பை உதட்டால் அடைத்து ஊதினால் மறுவிளிம்பு தனியாகப் பேசும். இரண்டும் சமமாகப் பேசவில்லையென்றால் கனத்த பக்கத்தைக் கத்தியாலோ உப்புத்தாளாலோ துளி சுரண்டுவார்கள். மென்மையாகிப் போன ரீட்டின் நுனியை வெட்டுக்கருவியால் மயிரிழை அளவு நறுக்கினால் விறைப்பு கூடும். அமெரிக்காவில் ஒரு தலைமுறையையே உருவாக்கிய டானியல் பொனாட், ரீட் சீர்செய்வதைத் தனிக் கலையாகவே எழுதி வைத்தார். வறண்ட ஊருக்குப் பயணம் செய்தால் நேற்றைய நல்ல ரீட் இன்று நெளிந்து கிடக்கும். அதனால் ஈரப்பதம் காக்கும் உறைகள் பயணப் பையில் கட்டாயம்.

1998இல் கனடாவில் தொடங்கிய லெஜேர் நிறுவனம் பாலிமர் ரீட் செய்கிறது. கிளாரினெட் வாசிப்பவரான கை லெஜேரும் பொருளறிவியல் பேராசிரியர் மார்க் கோர்ட்ஷாட்டும் அதை உருவாக்கினார்கள். ஈரப்படுத்த வேண்டாம், காயாது, இன்றும் நாளையும் ஒரே போல் இருக்கும். ஒன்றின் விலை நாணல் ரீட் பெட்டி ஒன்றின் அளவுக்கு வரும். குழல் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டிய நாடக அரங்கக் கலைஞருக்கு, கீழே வைத்த குழலின் ரீட் காயாமல் இருப்பது பெரும் வரம். நாணலின் ஒலி ஆழத்தை அது முழுதும் எட்டவில்லை என்பவர்களும் இசைக்குழுக்களில் இருக்கிறார்கள். என் கணிப்பில் அந்த இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது.

லிகேச்சர்

லிகேச்சர் ரீட்டை நகராமல் பிடிக்க வேண்டும். அதிர்வைத் திணறடிக்கவும் கூடாது. ஜெர்மன் மரபில் இன்றும் பலர் நூலையே சுற்றுகிறார்கள். நூல் வழுக்காமலிருக்க மவுத்பீஸின் மேல் வரிப்பள்ளம் உண்டு. பொனாட் பெயருள்ள லிகேச்சரில் திருகுகள் ரீட்டின் பக்கம் வராமல் மேலே அமைகின்றன. ரோவ்னர் நிறுவனத்தின் லிகேச்சர் துணிபோன்ற பட்டையால் சுற்றிப் பிடிக்கிறது. வான்டோரன் ஆப்டிமமில் மாற்றிப் பொருத்த மூன்று அழுத்தத் தகடுகள் வரும். வேறுபாட்டை வாசிப்பவர் உணர்வது உண்மை. அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் உணர்வது அதைவிட மிகக் குறைவு. ஆகவே லிகேச்சரை ஒப்பிடும்போது ரீட்டை இடம் மாற்றாமல் வைத்து, தம் செவியை மட்டும் நம்பாமல், இன்னொரு கலைஞரைத் தூரத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்வதே தொழில்முறை வழக்கம். மவுத்பீஸ் சோதனைக்கும் இது பொருந்தும். ஒரு நிபந்தனை கூடுதலாக உண்டு. பழைய மவுத்பீஸுக்கு ஒத்துப்போன ரீட்டை வைத்துப் புதியதைத் தீர்மானிக்காமல், அதற்கேற்ற விறைப்புள்ள ரீட்களில் சிலவற்றையாவது பழக்கியபின் முடிவெடுக்க வேண்டும்.