வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை: ஒரு சிற்றூர் நிலையத்தின் பெயர்

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில், திருத்தணியையும் பொன்பாடியையும் கடந்ததும் நகரிக்கு முன்பாக அமைந்துள்ள சிறு நிலையம் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. மதராஸ் இரயில்வே குழுமம் பம்பாய் நோக்கி அமைத்த வடமேற்குப் பாதையின் ஒரு பகுதி இது. அப்பாதை 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்துப் பாதையோடு இணைந்தது. தென்னக இரயில்வே 1951இல் உருவாயிற்று. விரைவு வண்டிகளுள் பெரும்பாலானவை இங்கு நில்லாது செல்கின்றன. ஒருபுறம் அரக்கோணத்துக்கும் மறுபுறம் புத்தூர், ரேணிகுண்டா ஆகிய ஊர்களுக்கும் செல்வோர்க்குச் சாதாரணப் பயணிகள் வண்டிகளே துணை.

இந்நிலையத்தைப் பலரும் அறிந்திருப்பது அதன் பெயரின் நீளத்தால்தான். ஆங்கிலத்தில் எழுதினால் 28 எழுத்துகள். 2019இல் சென்னை மத்திய நிலையத்துக்குச் சூட்டப்பட்ட பெயர் இதனினும் நீண்டது. ஆயினும் அது பல சொற்களாலான தொடர், இதுவோ ஒரு சொல். இந்த 28 என்னும் கணக்கும் உரோமன் எழுத்துக்கே உரியது. தெலுங்கில் எழுதினால் 13 எழுத்துகளே; தமிழில் மெய்களையும் சேர்த்து 16. நீளம் என்பது இங்கு எழுத்துமுறையின் பண்பேயன்றிப் பெயரின் பண்பன்று. இரயில்வே வழங்கிய 'வி.கே.இசட்.' என்னும் குறியீட்டின் கடைசி எழுத்து பெயரில் எங்குமே இல்லை என்பதும் சுவையானது.

பெயரின் அமைப்பு எளிது. 'வெங்கடநரசிம்மராஜு' என்பது ஆட்பெயர். 'வாரு' என்னும் தெலுங்குப் பலர்பால் பெயர் உயர்வு குறித்து ஒருவரையும் சுட்டும். அதன் வேற்றுமையேற்கும் வடிவம் 'வாரி'. எனவே முழுப்பெயர் 'வெங்கடநரசிம்மராஜு அவர்களுடைய பேட்டை' எனப் பொருள்படும். தமிழ் ஊர்ப்பெயர்களில் 'செட்டியார்பட்டி' என -ஆர் விகுதியே மதிப்பைச் சுமக்க, உடைமை உருபு வெளிப்படுவதில்லை. தெலுங்கு அதனை வெளிப்படையாகக் காட்டுகிறது. தெலுங்கறியாத தமிழர்க்கோ 'வாரி' என்றவுடன் அள்ளுதலே நினைவுக்கு வரும்.

இறுதிச் சொல்லில்தான் மொழிபெயர்ப்பாளர்க்கு இடர்ப்பாடு. தமிழில் நெட்டுயிருக்குப் பின் இரட்டிக்கும் டகரம் தெலுங்கில் ஒற்றையாக நிற்பதும், தமிழின் இறுதி ஐகாரத்துக்கு நேராகத் தெலுங்கில் அகரம் வருவதும் இரு மொழிகளுக்குமிடையே காணும் ஒழுங்கான உறவு. கோட்டை 'கோட' ஆவது போலப் பேட்டை 'பேட' ஆகிறது. தெலுங்கை நோக்காது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பெயர்ப்போர் 'பேட்டா' என்றோ 'பேதா' என்றோ எழுத நேர்கிறது. முன்னது இரு மொழிக்கும் பொருந்தாத கலவை; பின்னது பிழை.

1953க்கு முன் இப்பகுதி முழுவதும் சென்னை மாநிலத்தில் இருந்தது. ஆந்திரம் பிரிந்தபின், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. இன்று பொன்பாடி தமிழ்நாட்டிலும் அடுத்த நிலையமாகிய இது ஆந்திரத்திலும் உள்ளன. தண்டவாளம் ஒன்றே, பெயர்ப்பலகையின் மாநில மொழி மட்டும் மாறுகிறது. எல்லைக்கு இருபுறமும் இரு மொழிகளையும் அறிந்தோர் வாழும் இவ்விடத்தில், ஒரு பெயரைத் தெலுங்கிலிருந்து தமிழுக்குக் கொண்டுவர ஆங்கிலத்தின் இடைத்தரகு தேவையில்லை. 'வாரி'யை அவ்வாறே நிறுத்தி, 'பேட'வைப் 'பேட்டை' என எழுதுவதே பொருத்தம்.