அடுப்பில் பாதி, பாத்திரத்தில் பாதி

உங்கள் வீட்டு லாஃப்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அட்டைப்பெட்டிக்குள் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு தூங்கிக்கொண்டிருக்கலாம். 2012 செப்டம்பரில், மானிய சிலிண்டர் ஆண்டுக்கு 6 மட்டுமே என்று மத்திய அரசு அறிவித்தபோது அவசரமாக வாங்கியவர்கள் நம்மில் பலர். தமிழ்நாட்டில் அது கடும் மின்வெட்டுக் காலம். அடுப்பு வீட்டுக்கு வந்தது, கரண்ட் வரவில்லை. 2014-ல் மானிய சிலிண்டர் 12 ஆனதும் அடுப்பு லாஃப்ட் ஏறியது. "நம்ம சமையலுக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று தீர்ப்பும் எழுதிவிட்டோம்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஆனால் பகலில் தனியாக இருக்கும் 78 வயது அம்மா இரண்டு முறை பாலைப் பொங்கவிட்டு, தீ அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. மறுநாளே அடுப்பை இறக்கினேன். இறக்கிய பிறகுதான் இது எப்படி வேலை செய்கிறது, யார் கண்டுபிடித்தது என்று தேடிப் படித்தேன். அதிலேயே நாம் செய்த தவறும் தெரிந்தது.

1831-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இருபுறமும் கம்பி சுற்றினார். ஒரு பக்கத்தில் மின்சாரத்தைப் போடும்போதும் நிறுத்தும்போதும், தொடர்பே இல்லாத மறுபக்கத்தில் மின்சாரம் எட்டிப்பார்த்தது. 1855-ல் பிரான்சின் லியோன் ஃபூக்கோ, காந்தத்தின் நடுவே சுழலும் உலோகத் தகட்டுக்குள் மின்சாரம் சுழித்தோடி அதைச் சூடாக்குவதைக் காட்டினார். இண்டக்‌ஷன் அடுப்பின் அறிவியல் அவ்வளவுதான். கண்ணாடிக்குக் கீழே இருப்பது ஒரு செம்புக் கம்பிச் சுருள். சூடாவது அடுப்பு அல்ல, பாத்திரத்தின் அடிப்பாகம்.

இதை மக்கள் நம்ப வேண்டுமே! 1950-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃப்ரிஜிடேர் பிரிவு, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே செய்தித்தாளை விரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டியது. தாள் எரியவில்லை. ஆனால் அந்த அடுப்பு விற்பனைக்கு வரவில்லை. 1970-களில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் விற்பனைக்கே கொண்டுவந்தது. விலை 1500 டாலர். அந்த விலைக்குள் ஒரு செட் பாத்திரமும் சேர்த்தே கொடுத்தார்கள். பாத்திரமும் அடுப்பின் ஒரு பாகம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நாம்தான் அடுப்பை மட்டும் வாங்கி வந்தோம்.

விலை குறைந்த கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. சுருளில் மின்சாரம் நொடிக்கு 20,000 முறைக்கு மேல் திசை மாற வேண்டும். அந்த வேகத்தில், அவ்வளவு வாட்டைத் தாங்கும் மலிவான சுவிட்ச் தேவை. அதுதான் ஐ.ஜி.பி.டி. எனப்படும் குறைகடத்திச் சில்லு. 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பி. ஜயந்த் பாலிகா. மெட்ராஸில் பிறந்தவர், 1969-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பட்டம் பெற்றவர். இன்று உங்கள் அடுப்புக்குள்ளும் அந்தச் சில்லுதான் இருக்கிறது.

இனி நம் பங்கு, அதாவது பாத்திரம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள். இறுக ஒட்டினால் சரி. அலுமினியக் குக்கர், பித்தளை உருளி, செம்புப் பாத்திரம் எதுவும் ஒட்டாது. ஈயச்சொம்பு ரசம் கேஸிலேயே இருக்கட்டும். எவர்சில்வரில் சில ஒட்டும், சில ஒட்டாது. அடி தட்டையாக இருப்பதும் முக்கியம்.

பாட்டி காலத்து இரும்பு தோசைக்கல் நன்றாகவே ஒட்டும். ஆனால் கல் பெரிது, சுருள் சிறிது. எடுத்ததும் முழு வாட்டில் வைத்தால் நடுவில் கருகும், ஓரம் வேகாது; கல்லே வளைந்துவிடலாம். குறைந்த வாட்டில் ஐந்து நிமிடம் காயவிட்டுப் பிறகு மாவை ஊற்றுங்கள்.

செலவுக் கணக்கும் எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 0.1 யூனிட். 2000 வாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எப்படி எகிறும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் கொதிக்கும்வரை முழு வாட், பிறகு மூடி போட்டுக் குறைத்துவிடுங்கள்.

ஃபிளாட்வாசிகளுக்குச் சில எச்சரிக்கைகள். 2000 வாட் என்றால் 9 ஆம்பியர் அளவு. மிக்சி போடும் 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள். 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். ஜெனரேட்டர் ஓடும்போது போட்டால் உங்கள் வீட்டு பேக்கப் ட்ரிப் ஆகலாம். சமைத்த உடனே பிளக்கைப் பிடுங்காமல், உள்ளே விசிறி நிற்கும்வரை விடுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகு பயன்படுத்துங்கள்.

அம்மா இப்போது பால், காபி டிகாஷனுக்கு வெந்நீர், அரிசிக் கஞ்சி எல்லாம் இதில்தான் வைக்கிறார். டைமர் போட்டுவிட்டால், மறந்தாலும் தானே அணைகிறது. குழம்பும் தாளிப்பும் மட்டும் கேஸில், நாங்கள் வீட்டில் இருக்கும்போது.